ரசனைக்கேற்ற ஸ்பீக்கர்: எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம்?

ஹைஃபை ஸ்பீக்கருக்கு ஜோடி இரண்டு, மூன்று லட்சம் செலவழிக்கத் துணிந்துவிட்ட ஒருவர் முதலில் தேடுவது 'எது பெஸ்ட்?' என்ற பட்டியலைத்தான். அந்தப் பட்டியலால் பெரிய பயன் கிடையாது. இந்த விலைக்கு வந்துவிட்டால் படுமோசமானவை பெரும்பாலும் கழிந்துவிடும். மிஞ்சி நிற்பவை ஒவ்வொன்றும் எதையோ விட்டுக்கொடுத்து எதையோ வாங்கியிருக்கும். விட்டுக்கொடுத்தது உங்களுக்கு வேண்டாத ஒன்றாக இருந்தால் அந்த ஸ்பீக்கர் பொருந்தும். வேண்டியதாக இருந்தால், எத்தனை விருது வாங்கிய மாடலானாலும் கொஞ்ச நாளில் அதை விற்க ஆள் தேடுவீர்கள்.

இந்தக் கொடுக்கல் வாங்கலுக்கு ஹாஃப்மனின் இரும்பு விதி என்று பெயர். அமெரிக்காவின் கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவர் ஜோசஃப் அன்டன் ஹாஃப்மன்; நிறுவனப் பெயரின் கடைசி எழுத்து அவருடையது. சிறிய பெட்டி, ஆழமான பேஸ் (தாழ்ந்த ஒலி), அதிக சென்சிட்டிவிட்டி ஆகிய மூன்றில் எந்த இரண்டையும் எடுத்துக்கொள்ளலாம், மூன்றாவதைக் கைவிட்டே ஆக வேண்டும் என்பது விதி. சென்சிட்டிவிட்டி என்றால், ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி எத்தனை டெசிபெல் சத்தம் வருகிறது என்ற அளவு. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது சரியாக 1 வாட்.

விதியின் இரு முனைகளையும் சந்தையில் பார்க்கலாம். 1946-இல் வந்து இன்றும் தயாரிப்பில் உள்ள கிளிப்ஷ்ஹார்ன் ஸ்பீக்கர் 105 டெசிபெல் சென்சிட்டிவிட்டி கொண்டது, 33 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் (ஹெர்ட்ஸ் என்பது விநாடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண்; அது குறையக் குறைய ஒலி தாழும்). விலையாகக் கொடுப்பது இடம்: நான்கடிக்கு மேல் உயரம், அதோடு அறையின் இரண்டு மூலைகளும் அதற்கே. மறுமுனையில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்காக 1970-களில் வடிவமைத்த எல்எஸ்3/5ஏ. மேஜை ஓரத்தில் வைத்துவிடலாம். ஆனால் சென்சிட்டிவிட்டி 83 டெசிபெல் அளவுதான், ஆழமான பேஸும் கிடையாது. பேஸ் இருப்பதுபோல் தோன்ற 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே சிறு மேடு ஒன்று உண்டு. குரல் கேட்பவர்கள் இத்தனை ஆண்டுகளாக அதைக் கொண்டாடுவதும், ராக் கேட்பவர்கள் உதட்டைப் பிதுக்குவதும் ஒரே காரணத்தால்தான்.

ஆக, கடைக்குப் போகுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று: என்ன இசை கேட்கிறீர்கள், எவ்வளவு சத்தமாக, எந்த அறையில்.

என்ன இசை?

கர்நாடக இசைதான் பெரும்பகுதி என்றால் உங்களுக்கு வேண்டிய பேஸ் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆண்குரலின் மத்திய ஸட்ஜமம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். மந்தர பஞ்சமத்துக்கு இறங்கினாலும் 98. ஐந்து கட்டைப் பெண்குரலின் ஸட்ஜமம் 196. தம்புராவின் மந்தர ஸட்ஜமமும் மிருதங்கத்தின் தொப்பியும் (இடது முகம்)தான் அதற்குக் கீழே போகின்றன. 55, 60 ஹெர்ட்ஸ் வரை நேர்மையாக இறங்கும், அலமாரியில் அடங்கும் அளவுள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒன்று நல்ல ஸ்டாண்டின் மேல் நின்றால் கச்சேரி முழுசாக வந்துவிடும். இங்கே பணத்தைக் கொட்ட வேண்டிய இடம் மிட்ரேஞ்ச், அதாவது நடு ஒலிகள். குரலும் வயலினும் வீணையும் உயிரோடிருப்பது 200 முதல் 4,000 ஹெர்ட்ஸுக்குள். தாழ்ந்த ஒலி தரும் வூஃபரிலிருந்து உயர்ந்த ஒலி தரும் ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் இடம் பெரும்பாலும் 2,000 – 3,000 ஹெர்ட்ஸில், அதாவது இந்த நடுவீட்டில்தான் அமைகிறது. கைமாற்றம் சரியில்லை என்றால் வயலின் ஒரு சுரத்தில் மெத்தென்றும் அடுத்த சுரத்தில் கீச்சென்றும் கேட்கும். கெஃப் 1988-இல் கொண்டுவந்த யூனி-க்யூ போல, டானாய் 1947 முதல் செய்துவரும் டூயல் கான்சென்ட்ரிக் போல, ட்வீட்டரை வூஃபரின் நடுவிலேயே பொருத்தும் வடிவங்கள் இந்தச் சிக்கலைக் குறைக்க வந்தவை.

நாதஸ்வரம் தனிக் கதை. 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் அதற்கு இருக்கும் வீரியம் வேறு எந்த வாத்தியத்துக்கும் சுலபத்தில் வராது. அந்த இடத்தில் 2 டெசிபெல் தூக்கலாக உள்ள ஸ்பீக்கர் பெண்குரலுக்குத் 'தெளிவு' என்று பாராட்டப்படும். மல்லாரி போட்டதும் கை தானாகவே வால்யூமைக் குறைக்கும்.

திரையிசை கேட்பவர் என்றால் கணக்கு மாறுகிறது. எண்பதுகளின் பாட்டுகளில் பேஸ் கிடார் தனிப் பாட்டாகவே ஓடும். அதன் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸ், ஐந்து தந்தி கிடாரில் 31. சிறிய ஸ்பீக்கரிலும் அந்த மெட்டைப் பின்தொடர முடியும். 82, 123 என்று அதன் மடங்குகளாக மேலே வரும் அனுசுரங்களைக் கொண்டு மூளையே அடிச்சுரத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. ஆனால் நெஞ்சில் வந்து தட்டும் அந்தக் கனம் வராது. அது வேண்டுமென்றால் 40 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், தரையில் நிற்கும் உயரமான டவர், இல்லையேல் புக்‌ஷெல்ஃபுடன் பேஸுக்கென்றே தனிப் பெட்டியாக ஒரு நல்ல சப்வூஃபர். பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், 32 அடி ஆர்கன் குழாய் 16 ஹெர்ட்ஸ். இவற்றுக்காக அழுகிறவர்கள் வெகு சிலரே.

எவ்வளவு சத்தம்?

3 மீட்டர் தள்ளி உட்காருகிறீர்கள், உச்சத்தில் 100 டெசிபெல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 80-இல் கேட்டாலே நல்ல பதிவுகளில் தனி ஆவர்த்தனத்தின் உச்சங்கள் 100-ஐத் தொடும். 86 டெசிபெல் ஸ்பீக்கர் 1 வாட்டுக்கு 1 மீட்டரில் 86 தரும். 3 மீட்டருக்கு வருவதற்குள் 9.5 டெசிபெல் போய்விடும். இரண்டு ஸ்பீக்கர் என்பதால் 3 திரும்பி வரும். கையில் இருப்பது சுமார் 80. மீதி 20 டெசிபெல்லுக்கு நூறு மடங்கு பவர், அதாவது 100 வாட். ஸ்பீக்கர் 96 டெசிபெல் என்றால் அதே சத்தத்துக்கு 10 வாட் போதும். அறைச் சுவர்கள் திருப்பித் தருவதையும் சேர்த்தால் இரண்டுமே இன்னும் கொஞ்சம் குறையும், விகிதம் மாறாது.

300பி என்ற வால்வில் இயங்கும் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) 8 வாட் தரும். அதன்மேல் ஆசைப்பட்டவர் ஸ்பீக்கரையும் ஹார்ன் (குழல் வாய்போல் விரிந்து ஒலியைக் குவித்து அனுப்பும் ரகம்) பக்கமே தேட வேண்டியதன் காரணம் இந்தக் கணக்கு. கிளிப்ஷின் ஹெரெசி 4 போன்றவை 99 டெசிபெல். வால்வுக்குக் கஷ்டமே இல்லை. தவிர, பல வால்வ் ஆம்புகளின் அவுட்புட் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குத் தரும் தடை) அதிகம் என்பதால், ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறி இறங்குகிற இடமெல்லாம் ஒலியும் ஏறி இறங்கும். ஒரே ஸ்பீக்கர் இரண்டு ஆம்பில் இரண்டு குணம் காட்டினால் அதில் மாயம் ஒன்றும் இல்லை.

மறுபுறம், ஃபிளாட்டில் இரவு பத்து மணிக்கு மேல் 60, 65 டெசிபெல்லில் கேட்பவர்கள் உண்டு. சத்தம் குறையக் குறைய காதுக்குப் பேஸ் வேகமாக மங்கும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை வரைபடமாகப் போட்டுவிட்டார்கள். இவர்கள் மெலிந்த பேஸ் கொண்ட 'மானிட்டர்' ரகத்தை வாங்கினால் இசை எப்போதும் சவசவவென்றே இருக்கும். டோன் கன்ட்ரோல் உள்ள ஆம்ப் எடுங்கள். டோன் கன்ட்ரோலைத் தொடுவது பாவம் என்று ஹைஃபை உலகில் ஒரு நம்பிக்கை உலவுகிறது, அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

அறைதான் மூன்றாவது ஸ்பீக்கர்

அமெரிக்க விமர்சகர் எழுதியதைப் படித்து வாங்கிய ஸ்பீக்கர் சென்னை வீட்டில் குமுறுவதற்குப் பெரும்பாலும் சுவர்தான் காரணம். அங்கே மரச் சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர். ஆழமான பேஸில் ஒரு பகுதி அதில் அதிர்ந்து செலவாகிவிடும், ஒரு பகுதி வெளியேறிவிடும். நம் செங்கல், கான்கிரீட் சுவர் அத்தனையையும் திருப்பி அறைக்குள்ளேயே தள்ளும். கீழே விட்ரிஃபைடு டைல்ஸ், பக்கத்தில் கண்ணாடி ஸ்லைடிங் ஜன்னல். பேஸ் தேங்கும், ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) தெறிக்கும்.

14-க்கு 12 அடி, பத்தடி உயரம் உள்ள அறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். அதை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்தத் திசையில் அறை ரீங்கரிக்கும் முதல் அலைவெண் கிடைக்கும். 14 அடிக்கு 40 ஹெர்ட்ஸ், 12 அடிக்கு 47, உயரத்துக்கு 56. மூன்றும் பேஸ் கிடார் நடமாடும் இடத்தில். சோபாவைப் பின்சுவரோடு ஒட்டிப் போடுவது நம் வழக்கம். சுவர் ஓரத்தில்தான் இந்த ரீங்காரங்கள் உச்சத்தில் இருக்கும். இரண்டடி முன்னே இழுத்துப் போட்டாலே வித்தியாசம் தெரியும். சரியாக நடுவில் போட்டால் எதிர்த் தொல்லை: அங்கே முதல் ரீங்காரம் பள்ளமாகிவிடும், பேஸே காணாமல் போகும்.

இப்படிப்பட்ட அறைக்கு 28 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் பெரிய டவரை வாங்குவது காசு கொடுத்துத் தலைவலியை வாங்குவது. மூடிய பெட்டி ஸ்பீக்கர்கள் ஒத்துப்போகும்: அவற்றின் பேஸ் ஆக்டேவுக்கு (ஒரு ஸ்தாயிக்கு) 12 டெசிபெல் என்று மெதுவாகச் சரியும், அறை கூட்டித் தருவது அந்தச் சரிவை நிரப்பும். போர்ட் (காற்றுத் துளை) வைத்த பெட்டி இன்னும் கீழே இறங்கும், பிறகு 24 டெசிபெல் என்று செங்குத்தாக விழும். ஹார்பெத் பி3இஎஸ்ஆர் மூடிய ரகம். பெரிய பட்ஜெட்டில் மேஜிகோவும் மூடிய பெட்டிகளையே செய்கிறது. சுவரை ஒட்டி வைப்பதைத் தவிர வழியில்லை என்றால் டச் அண்ட் டச் 8சி-யைப் பாருங்கள். ஒலியைப் பின்பக்கம் குறைத்து முன்னே அனுப்பும் அமைப்பு அது, சுவருக்கு அருகில் வைப்பதற்கென்றே செய்தது.

சுவருக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள தூரம் இன்னொரு வேலையும் செய்யும். பின்னால் போய்த் திரும்பும் ஒலி கால் அலைநீளத் தூரத்தில் நேர் ஒலியை அடித்துவிடும். 60 சென்டிமீட்டர் என்றால் 143 ஹெர்ட்ஸில் பள்ளம், ஆண்குரலின் மத்திய ரிஷபம் உட்காரும் இடம். 'இந்த ஸ்பீக்கரில் குரலுக்குக் கனம் இல்லை' என்று தீர்ப்பெழுதுமுன் அரையடி நகர்த்திப் பாருங்கள்.

ரசனை என்று எதைச் சொல்வது?

கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திலும் பிறகு ஹார்மன் ஆடியோ நிறுவனத்திலும் பணிபுரிந்த ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் இருவரும் பல்லாண்டுகளாகத் திரை மறைவில் ஸ்பீக்கர்களை வைத்துக் கேட்பவர்களிடம் மதிப்பெண் வாங்கினார்கள். பெரும்பாலானவர்கள் விரும்பியது ஒன்றையே: நேர் முன்னால் மேடு பள்ளம் இல்லாத சீரான ஒலி, பக்கவாட்டிலும் அதே குணம் மெல்லக் குறைந்து வருவது. 1994-இல் அவர்கள் வெளியிட்ட சோதனையில், அதே ஸ்பீக்கர்களைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது தோற்றமும் பெயரும் மதிப்பெண்ணை மாற்றிவிட்டன. ஆலிவின் பிந்தைய ஆய்வில் விருப்பத்தைத் தீர்மானிப்பதில் பேஸின் பங்கு மட்டும் சுமார் 30 சதவீதம்.

அப்படியானால் ரசனைக்கு இடமே இல்லையா? உண்டு, ஆனால் நினைப்பதைவிடச் சிறிய இடம். ட்ரெபிள் ஒரு டெசிபெல் கூடவா குறையவா, பேஸ் இரண்டு டெசிபெல் தடிப்பா மெலிவா என்பது ரசனை. 3,000 ஹெர்ட்ஸில் 5 டெசிபெல் பள்ளம் இருந்தால் அது குறை. 'இந்த பிராண்டின் கையெழுத்து' என்று விற்பனையாளர் சொன்னாலும் குறைதான்.

ரசனை உண்மையில் பெரிதாகப் பிரியும் இடம் ஒலி பரவும் விதம். அகலமாகப் பரப்பும் ஸ்பீக்கர் பக்கச் சுவர்களையும் பயன்படுத்தி மேடையை விரிக்கும்; நீங்கள் சபாவில் ஐந்தாவது வரிசையில் இருப்பீர்கள். குறுக்கிப் பாய்ச்சும் ஹார்ன், பாடகரை உங்கள் எதிரே ஜமக்காளத்தில் உட்கார்த்தி வைக்கும். மேக்னபானின் தட்டைப் பலகைகளும் குவாட் 1957-இல் தொடங்கிய எலக்ட்ரோஸ்டாட்டிக்குகளும் முன்னும் பின்னும் மட்டும் ஒலித்து, பக்கவாட்டில் மௌனமாக இருக்கும். வீணையின் மீட்டு அவற்றில் கேட்பதுபோல் வேறெதிலும் கேட்பது சிரமம். பதிலுக்குப் பின்னால் குறைந்தது மூன்றடி இடமும் தெம்பான ஆம்பும் கேட்கும். எலக்ட்ரோஸ்டாட்டிக் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால் தூசியை இழுத்துச் சேர்க்கும். ஜன்னல் திறந்தே கிடக்கும் வீட்டுக்கு ஆகாது.

டைல்ஸ் போட்ட வெற்று ஹாலில் அகலப் பரப்பும் ஸ்பீக்கர் இரைச்சலாகிவிடும். தரைவிரிப்பும் கனமான திரையும் போட முடியாதென்றால் குறுகிய பரப்பே நல்லது.

டெமோவில் ஏமாறாமல் இருக்க

மனிதக் காது அரை, ஒரு டெசிபெல் கூடுதல் சத்தத்தைச் 'சத்தம்' என்று உணராது, 'தரம்' என்று உணரும். 85 டெசிபெல் ஸ்பீக்கரையும் 90 டெசிபெல் ஸ்பீக்கரையும் வால்யூமைத் தொடாமல் மாற்றிப் போட்டுக் காட்டினால் இரண்டாவதுதான் ஜெயிக்கும். ஆகவே ஃபோனில் ஒரு டெசிபெல் மீட்டர் ஆப் போட்டுக்கொள்ளுங்கள். பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவெண்களும் கலந்த சோதனை இரைச்சல்) ஓடவிட்டு, உட்காரும் இடத்தில் ஃபோனை ஒரே நிலையில் வைத்து, இரண்டு ஸ்பீக்கருக்கும் வால்யூமை அரை டெசிபெல்லுக்குள் சமப்படுத்துங்கள். ஃபோன் காட்டும் எண் சரியாக இருக்க வேண்டியதில்லை, இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் போதும். சிலர் மல்டிமீட்டரால் ஸ்பீக்கர் முனையில் வோல்டேஜைச் சமப்படுத்துவார்கள். அது இரண்டு ஆம்புகளை ஒப்பிடும் வழி. சென்சிட்டிவிட்டி வேறுபடும் ஸ்பீக்கர்களுக்குப் பயன்படாது.

கடை வைத்திருக்கும் டெமோ பாட்டுகளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஒரு பெண்குரலும் கிடாரும் மட்டும் உள்ள பதிவு எந்த ஸ்பீக்கரிலும் நன்றாகத்தான் இருக்கும். நீங்கள் கொண்டுபோக வேண்டியவை: வருடக்கணக்காகக் கேட்ட குரல் பதிவு ஒன்று, தனி ஆவர்த்தனம் ஒன்று, வயலின் கூட்டமும் கோரஸும் ஒரே நேரத்தில் நெருக்கும் திரைப்பாட்டு, பேஸ் கிடார் படியேறி இறங்கும் பாட்டு, கூடவே ஐம்பது அறுபதுகளின் மோசமான மோனோ பதிவு. கடைசியதை மறக்காதீர்கள். உங்கள் சேகரிப்பில் பாதி அப்படித்தான் இருக்கும் என்றால், அவற்றைக் கேட்கவிடாத ஸ்பீக்கர் எத்தனை 'டிரான்ஸ்பரன்ட்' ஆக இருந்து என்ன பயன்?

பேஸ் கிடார் பாட்டில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: எல்லாச் சுரமும் ஒரே பலத்தில் வருகிறதா, ஒரு சுரம் மட்டும் வீங்குகிறதா. வீங்கினால் அறையா ஸ்பீக்கரா என்று அறிய நாற்காலியை மூன்றடி நகர்த்துங்கள். வீக்கம் மறைந்தால் அறை. குரல் பதிவில் ச, ஸ எழுத்துகள் ஊசியாகக் குத்துகின்றனவா என்று பாருங்கள். அது 5,000 – 8,000 ஹெர்ட்ஸ். எழுந்து நின்று கேளுங்கள், பக்கவாட்டில் நடந்து கேளுங்கள். குணம் சட்டென்று மாறினால் அந்த ஸ்பீக்கர் ஒரே ஒரு நாற்காலிக்கானது.

குறைந்தது முக்கால் மணி நேரம், வீட்டில் கேட்கும் அதே சத்தத்தில். ட்ரெபிளை மூன்று டெசிபெல் தூக்கிய ஸ்பீக்கர் முதல் பத்து நிமிடம் 'இதுவரை கேட்காததெல்லாம் கேட்கிறதே' என்று அசத்தும். நாற்பதாவது நிமிடம் பாட்டைப் பாதியில் மாற்றத் தொடங்குவீர்கள். எத்தனை பாட்டைப் பாதியில் நிறுத்தினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள், வேறு எந்த மதிப்பெண்ணும் இவ்வளவு உண்மை சொல்லாது.

கையேட்டு எண்களில் இரண்டு சூதுகள். '35 ஹெர்ட்ஸ் – 40 கிலோஹெர்ட்ஸ்' என்று இருந்தால் பக்கத்தில் கூட்டல் கழித்தல் 3 டெசிபெல் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் 35 என்பது 10 டெசிபெல் விழுந்த இடமாக இருக்கலாம். 40 கிலோஹெர்ட்ஸைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், ஐம்பதைக் கடந்த காதுக்குப் பெரும்பாலும் 14 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றும் கிடையாது. இரண்டாவது, 4 ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது 2 வாட். அங்கே 89 என்று போட்டிருந்தால் 1 வாட் கணக்கில் 86 என்று படியுங்கள்.

கேபிள் பற்றி ஒரே வரி: 5 மீட்டருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போய்வர மின்தடை 0.07 ஓம், போதும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். சோபாவில் அது 90 முதல் 100 சென்டிமீட்டர், திவானில் இன்னும் கீழே. இரண்டு ஸ்பீக்கருக்கும் இடைவெளி 2 முதல் 2.5 மீட்டர், உங்களுக்கும் அதே தூரம். தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டி இடத்தைக் குறித்துக்கொண்டு, முதலில் முன்பின்னாகப் பத்துப் பத்து சென்டிமீட்டர் நகர்த்தி பேஸைச் சரிசெய்யுங்கள். பிறகு உட்பக்கம் திருப்பி ட்ரெபிளை. இந்த வரிசையை மாற்றினால் இரண்டு வேலையும் இரட்டிப்பாகும்.

குமுறல் நிற்கவில்லை என்றால் போர்ட்டில் ஸ்பாஞ்ச் அடைத்துப் பாருங்கள். பல நிறுவனங்கள் பெட்டியோடே தருகின்றன, இல்லையென்றால் சுருட்டிய சாக்ஸ் போதும். அதற்கும் மசியாவிட்டால் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற இலவச மென்பொருளும் யுமிக்-1 என்ற அளவு மைக்கும் வைத்து அறையை அளந்து, மேடுகளை மட்டும் ஈக்வலைசரில் வெட்டுங்கள். பள்ளத்தை நிரப்ப முயல வேண்டாம். கூட்டிக் கொடுக்கும் ஒலியையும் சுவர் அதே இடத்தில் அடித்துவிடும், ஆம்புக்கு மட்டும் 6 டெசிபெல்லுக்கு நான்கு மடங்கு சுமை ஏறும்.